வெல் என்ற ஒரு சொல்

ஜெயங்கொண்டம்
11.6.2001

அன்புள்ள மாமாவுக்கு,

என் கழுத்துக் கட்டியின் ரிப்போர்ட் நல்லபடியாக வந்துவிட்டதென்று உங்கள் அண்ணன் மஸ்கட்டுக்கு போன் செய்தாராம். ரிப்போர்ட்டை என்னிடமும் காட்டினார்.

“பாத்தியாம்மா, வெல்னு போட்டுருக்கான். வெல்னா நல்லதுதானே?”

வெள்ளிக்கிழமை குடும்பத்தோடு சிறுவாச்சூர் போய் மாவிளக்கும் போட்டுவிட்டார். அந்த முகத்தைப் பார்த்து நானும் தலையாட்டிவிட்டேன். போனில் சொன்னால் வீடே கேட்கும் என்பதால் எழுதுகிறேன்.

அது அந்த நல்லது இல்லை, மாமா. புற்றுநோய்தான். இருபது வருஷம் விலங்கியல் நடத்தியவள், பார்க்காமல் இருக்க முடியவில்லை. திருச்சி டாக்டரிடம் கேட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். தைராய்டு செல்கள் வட்டமாக உட்கார்ந்து, நடுவில் சுரப்பைச் சேர்த்து வைக்கும். என்னுடையவையும் வட்டமாகத்தான் இருந்தன. ஆனால் உட்கருக்கள் வெளிறி, ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன.

“தடம் மாறிருச்சுங்க டீச்சர். ஆனா தன் வேலைய இன்னும் மறக்கல. அயோடின் குடுத்தா வாங்கிக்கும், அத வச்சே அழிச்சுரலாம்” என்றார் டாக்டர். ரிப்போர்ட்டில் இருப்பது ‘வெல் டிஃபரன்ஷியேட்டட்’, அதாவது தன் சொந்த இயல்பை இன்னும் நன்றாகக் காட்டும் புற்றுசெல்; அந்த ‘வெல்’லுக்கு அர்த்தம் அவ்வளவுதான். முழுதும் மறந்த செல்லுக்கு எந்த மருந்தும் எட்டாதாம்.

இருபத்தாறாம் தேதி ஆபரேஷன். குரலுக்குப் போகும் நரம்பு கட்டியை ஒட்டியே இருக்கிறதென்று தனியாக ஒரு கையெழுத்து கேட்டார்கள். போட்டுவிட்டேன். நீங்கள் லீவுக்கு அலைய வேண்டாம்.

இருபத்து நாலு, ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு மட்டும் மூன்று நிமிஷத்தில் போனை வைத்துவிடாதீர்கள். கல்யாணமான நாளிலிருந்து எப்போதும் நீங்கள் பேசுவீர்கள், நான் ‘ம்’ போடுவேன். வீடே கேட்டாலும் கேட்கட்டும். அன்றைக்கு நான் பேசுகிறேன்.

உங்கள்
டீச்சர்