முப்பத்தொரு பம்புகள்

லோட்வார், செவ்வாய்

அன்பு அம்மாவுக்கு நெக்கேசாவின் வணக்கம். உங்கள் முழங்கால் வீக்கம் வடிந்ததா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை.

கிராமத்துத் தண்ணீர் பம்புகளை அலுவலகத்திலிருந்தே இயக்க, போன வாரம் என் கணினியில் ஒரு மென்பொருளை நிறுவினேன். அதில் பொத்தான்கள் கிடையாது. கட்டளையைத் தட்டச்சு செய்ய வேண்டும். சோதனைக்காக ஒரு பம்பை நிறுத்தப் போனவள், அதன் பெயரைச் சேர்க்க மறந்துவிட்டேன். முப்பத்தொன்றும் நின்றுவிட்டன.

உடனே எல்லாவற்றையும் திரும்ப ஓட்டினேன். ஒன்று மட்டும் ஓடவில்லை. அந்த ஊர்ப் பம்புக்காரர் எகிரு போனில் கூப்பிட்டார்.

"என்னம்மா, ஆடுங்க வெறும் தொட்டிய நக்கிக்கிட்டு நிக்குது. பம்பு கெட்டுப்போச்சா?"

ஆமாம் என்றிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

"இல்லண்ணே, நான்தான் தப்பா நிறுத்திட்டேன்."

"அப்ப நீயே வந்து ஓட்டு. ஊரு உன் மூஞ்சியப் பாக்கட்டும்."

மூன்று மணி நேரம் பயணம் செய்து போனேன். பம்பு ஓடும்வரை பெண்கள் காலிக் கேன்களோடு என்னைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

இதற்கெல்லாம் கவலைப்படாதீர்கள். காய்ந்த காளான் கொஞ்சம் அனுப்புங்கள். தபால் வண்டி கிளம்புகிறது, முடிக்கிறேன். ஞாயிறு பேசும்போது போனைச் சீக்கிரம் வைத்துவிடாதீர்கள், அம்மா. நான் பேசாவிட்டாலும் நீங்கள் பேசிக்கொண்டே இருங்கள்.

உங்கள் மகள்,
நெக்கேசா