கோப்பையைத் தூக்கினால் சம்மதமா?

உன் பென்சில் டப்பாவை இன்று காலை திறந்தேன். சீவிய மரத்தூள் வாசனை குப்பென்று முகத்தில் அடித்தது. ஆவணக் காப்பகத்துக்குள் பேனா கூடாது என்பதால், விரல் நீளத்துக்குத் தேய்ந்த இந்தப் பென்சில்களால்தானே நம் புத்தகத்துக்காகப் பதினோரு வருஷம் நகலெடுத்தாய்! கோபம் தாங்காமல்தான் திறந்தேன். கோபம் அவர்கள் மேல், உன் மேல், அதைவிட என் மேல்.

வெள்ளைக்காரர்கள் சீனாவோடு நடத்திய சுங்க ஒப்பந்தப் பேச்சுவார்த்தையைப் பற்றி நாம் இருவரும் சேர்ந்து எழுதிய புத்தகம் அது. அந்தக் கால ஒப்பந்தப்படி, தன் துறைமுகத்துக்கு வரும் சரக்குக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வரி போடச் சீனாவுக்கே உரிமையில்லை. விழிஞ்ஞம் துறைமுகத்தில் கப்பலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது பொரிந்து தள்ளினாய்: "இங்க வர்ற கப்பலுக்கு வரி எவ்வளவுன்னு லண்டன்ல இருந்து ஒருத்தன் சொன்னா நம்ம சும்மா விடுவமா? பின்னே அவங்க மட்டும் எதுக்குடீ விடணும்?"

அந்தத் தேநீர் விஷயத்தைக் கண்டுபிடித்ததும் நீதான். சீன அதிகாரி மறுப்பேதும் சொல்லாமல் கோப்பையை எடுத்துத் தேநீர் அருந்தினார், ஆகவே இந்தப் பிரிவு ஏற்கப்பட்டது என்று ஆங்கிலேய எழுத்தர், அந்த அதிகாரியின் வீட்டில் நடந்த ஒரு நாளைய கூட்டக் குறிப்பில் எழுதியிருந்தார். அந்நாட்டு அதிகாரிகளின் வழக்கமோ வேறு. வந்தவர்களை உபசரிக்கும் வீட்டுக்காரர் கோப்பையைத் தூக்கினால், பேசியது போதும், கிளம்புங்கள் என்று அர்த்தம். காப்பகமே திரும்பிப் பார்க்கும்படி மேசையைத் தட்டினாய். "போடான்னு சொன்னவன் சரின்னு சொன்னதா எழுதி வச்சிருக்கான், கேட்டியா!"

போன வாரம் நம் பழைய கல்லூரியின் வெளியீட்டுக் குழு கூடியது. நீ போய் ஐந்து மாதம்கூட ஆகவில்லை. தலைவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மேடம், மரிச்சுப் போனவங்க பேர அட்டையில போட்டா அக்ரிமென்ட்ல ஆரு கையெழுத்துப் போடுவாங்க? உங்க பேரு மட்டும் இருக்கட்டும். அவங்களுக்கு உள்பக்கத்துல ஒரு நன்றி போட்டுக்கலாம், போதுமே?"

போதுமாம்! நன்றியாம்! பாதிப் புத்தகத்துக்கு மேல் உன் உழைப்பு. பதில் வாய்வரை வந்தது. முன்னால் இருந்த டீயை எடுத்துக் குடித்துவிட்டேன். கூட்டக் குறிப்பு இன்று காலை வந்தது. "ஒருமனதாக ஏற்கப்பட்டது" என்று இருக்கிறது. அந்தச் சீன அதிகாரிக்காவது எழுந்து போ என்று சொல்லும் தைரியம் இருந்தது. நான் பயந்துபோய்க் குடித்தேன். என் பெயர் மட்டும் அட்டையில் வருவதில் ஒரு துளி ஆசையும் இருந்தது. சீ! இதைச் சொல்லாவிட்டால் உனக்கு மடல் எழுதி என்ன பிரயோஜனம்?

நீ மட்டும் என்ன லேசுப்பட்டவளா? நெஞ்சு வலிக்கிறது என்றால் டாக்டரிடம் போ என்று எத்தனை தடவை கத்தினேன்! "கடைசி அத்தியாயம் முடியட்டும்டீ" என்றாய். முடித்தாய். இவர்களிடம் என்னைத் தனியாக விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்தாய்.

குறிப்பின் ஓரத்தில் உன் பென்சிலால் எழுதினேன்: "எனக்குச் சம்மதமில்லை. இரண்டு பெயரும் இல்லாவிட்டால் புத்தகமே வேண்டாம்." பிறகு அதன் மேலேயே பேனாவால் அழுத்தி எழுதினேன். பென்சிலை அழித்துவிடுவார்கள்.

கழக்கூட்டம் ஜங்ஷன் நெரிசலில் பஸ்ஸில் இடிபட்டுப் போய் நேரில் கொடுத்தேன். தலைவர் முகம் சுருங்கிவிட்டது. "இருங்க மேடம், ஒரு டீ குடிச்சிட்டுப் பேசலாம்" என்றார்.

உன் பென்சில் துண்டு கைப்பையில்தான் இருந்தது. டீ வேண்டாம் என்றேன், அறை முழுக்கக் கேட்கும்படி. அதையும் குறிப்பில் எழுதச் சொல்லிவிட்டு வந்தேன்.