நான்கு சிலிண்டர், நான்கு சிட்டிகை உப்பு

திண்டுக்கல்,
திங்கட்கிழமை காலை.

அன்பு மகள் தமிழ்நிலாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. பனி கொட்டுகிற அந்த ஊரில் நீ சளி காய்ச்சல் இல்லாமல், ஆஸ்பத்திரி வேலையில் மனக்குறை இல்லாமல் இருக்க மாதாவிடம் தினமும் கேட்டுக்கொள்கிறோம். இங்கே நாங்கள் மூன்று பேரும் உடம்பளவில் சுகம், மனசளவில் நான் ஒருவன் சுகமில்லை. போனில் பேசாமல் இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறாரே, அப்பாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்று பதறாதே. நம் வீட்டில் போன் என்பது பொதுச் சொத்து. நீ கூப்பிட்டால் உன் அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடந்துகொண்டே பேசுவாள், உன் தம்பி சோற்றுத் தட்டோடு பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். அந்த இரண்டு பேருக்கும் தெரியக் கூடாத ஒன்றை அதில் எப்படிச் சொல்வது. உரம் வாங்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்து, தபாலாபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பெஞ்சைத் திட்டு, என்னைத் திட்டாதே.

இந்த வருஷம் ஐப்பசி மழைக்குக் குறையில்லை, கிணற்றில் கை எட்டுகிற உயரத்துக்குத் தண்ணீர் நிற்கிறது. தென்னையில் வெள்ளை ஈ மட்டும் எதற்கும் அசையவில்லை, மருந்தடித்து எனக்குத்தான் இருமல் வந்தது. தம்பி ஆனந்த்ராஜைப் பார்க்கக் கன்னிவாடியிலிருந்து பெண் வீட்டார் வந்தார்கள். உன் அறையில் கட்டில் இருந்த இடத்தில் இரும்பு ஸ்டாண்டும் அதன்மேல் என்ஜினும் இருப்பதைப் பார்த்த பெண்ணின் அம்மா, தம்பிக்கு மில்லுலதான வேல என்று இரண்டு தடவை கேட்டார். நாங்களும் இரண்டு தடவை ஆமாம் என்றோம். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை.

அந்த என்ஜினைப் பற்றித்தான் எழுத வந்தேன். வெள்ளைக்காரச் சாமியார் விட்டுப்போன ஆமை முதுகு மாதிரி வளைந்த பழைய காரை வடமதுரையில் ஒரு கொட்டகையிலிருந்து இவன் இழுத்துக்கொண்டு வந்த நாளிலிருந்து நம் வீடு பட்டறையாகிவிட்டது. காற்றிலேயே குளிர்ந்துகொள்ளும் என்ஜின், அதையே பெரிதாக்கி இரண்டு மடங்கு வேகம் எடுக்க வைத்துக் கோயம்புத்தூர் பக்கம் நடக்கிற ரேஸில் ஓட்டப் போகிறேன் என்றான். நீயும் அங்கிருந்து பெரிய சிலிண்டரும் பிஸ்டனும் அனுப்பி உற்சாகப்படுத்தினாய், அதில் தப்பில்லை. பல்சக்கரத்தை எண்ணெயில் காய்ச்சித்தான் தண்டில் ஏற்ற வேண்டுமாம், அதற்கு உன் அம்மாவின் வடைச் சட்டியை எடுத்துப் போனான். அவள் திட்டிக்கொண்டே அடுப்பையும் பற்ற வைத்துக் கொடுத்தாள். பெரிய சிலிண்டர் உட்காரும்படி என்ஜின் வாயை அகலமாக்குவது, உள்பக்கத்தைத் தேய்த்துக் கொடுப்பது எல்லாம் பேகம்பூரில் லேத் வைத்திருக்கும் இஷாக். அவனை உனக்குத் தெரியும், ஐடிஐ படிக்கிற காலத்திலிருந்து இவனோடு ஒரே தட்டில் சாப்பிட்டவன். வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் நேராக நம் வீட்டுக்கு வந்து, இரண்டு பேரும் அந்த என்ஜின் முன்னால் உட்கார்ந்துவிடுவார்கள். எனக்கு ஒன்றும் புரியாவிட்டாலும் வாசல் நாற்காலியில் இருந்து அந்தப் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பது சந்தோஷமாக இருந்தது.

என்ஜினைப் பூட்டி முடித்த சமயத்தில்தான் நீ அனுப்பிய கார்புரேட்டர் துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது. அதே சமயம் மில்லில் இவனைப் புது மிஷின் பழகக் கோயம்புத்தூருக்கு அனுப்பினார்கள், திரும்பி வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. மழைக்காலம் முழுக்க என்ஜின் உன் அறையில் போர்வை போர்த்திக்கொண்டு சும்மா இருந்தது. வந்து கார்புரேட்டரை மாட்டிச் சுற்றிப் பார்த்தால் அசையவே இல்லை. டீசல் ஊற்றி ஊற வைத்தான், ஸ்பானரில் பெரிய குழாயைச் செருகி ஏறி மிதித்தான், உள்ளே டக்கென்று ஏதோ உடைந்தது. பிரித்துப் பார்த்தால் நான்கு சிலிண்டரிலும் செக்கச்செவேலென்று துரு. புதுச் சாமான், தமிழ்நிலா, ஒரு நாள்கூட ஓடாதது. துருவுக்குப் பக்கத்தில் வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலில் தொட்டுப் பார்த்துவிட்டு, இது சோப்புத்தூள், இஷாக்கு தேச்சு முடிச்சுக் கழுவிட்டு ஈரத்தோட குடுத்திருக்கான், எண்ணெ தடவாம எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டான் என்றான். நேராகப் பேகம்பூருக்குப் போய்க் கடை வாசலில் நின்று கத்தியிருக்கிறான். அத்தோடு விட்டானா, மெக்கானிக்குகள் எல்லாம் இருக்கிற வாட்ஸ்அப் குரூப்பில் இஷாக்கிடம் வேலை கொடுக்காதீர்கள் என்று பேசியும் போட்டுவிட்டான். இப்போது அந்தக் கடையில் சாமான் குவிந்து கிடந்த பலகை காலியாக இருக்கிறது, நானே கண்ணால் பார்த்தேன்.

அது சோப்புத்தூள் இல்லை. அது செபஸ்தியார் திருவிழாவில் மந்திரித்த உப்பு. எனக்கு எப்படித் தெரியும் என்றால், உன் அம்மாவே சந்தோஷமாகச் சொன்னாள். வீட்டுக்குக் கடைக்கால் எடுத்தாலும் போர்வெல் போட்டாலும் நம் சனங்கள் முதலில் ஒரு பிடி மந்திரித்த உப்புப் போடுவது வழக்கம்தானே. கட்டுகிறது எதுவானாலும் போட வேண்டியதுதான் என்று இவள் நினைத்திருக்கிறாள். ஸ்பார்க் பிளக் மாட்டுகிற நான்கு ஓட்டைகளையும் அவன் துணி வைத்து அடைத்திருந்தான். அவன் கோயம்புத்தூரில் இருந்தபோது அந்தத் துணியை உருவிவிட்டு, உங்களுக்குச் சின்னப் பிள்ளையில் மருந்து புகட்டிய பாலாடையில் உப்பும் தீர்த்தமும் கரைத்து, மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் என்று ஆளுக்கு ஒரு சிலிண்டராக ஊற்றிவிட்டு மறுபடி அடைத்து வைத்திருக்கிறாள். என்ஜின் இறுகிப் போனதும் எனக்கு மட்டும் கேட்கும்படி, ஏங்க, பாத்தீங்களா, நா உப்புப் போட்டதுக்குச் செபஸ்தியாரு அந்த மிஷின இறுக்கிப் புடிச்சு நிப்பாட்டிட்டாரு, இல்லாட்டி எம்புள்ள இந்நேரம் ரேசுக்குப் போயி எங்க கெடந்திருப்பானோ என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பைபாஸில் பைக்கோடு போன உன் மாமா அவளுக்கு இன்னும் மறக்கவில்லை. கூடப் பிறந்தவனைப் பறிகொடுத்தவள், அந்த முகத்தைப் பார்த்து நீதான் கெடுத்தாய் என்று நான் எப்படிச் சொல்வேன். எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது, வாயை மூடிக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விட்டேன்.

ஆனந்த்ராஜிடம் சொல்லலாம் என்றால் அவன் கோபம் உனக்குத் தெரியும். அம்மாவிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசிவிட்டால் பிறகு அவனே உட்கார்ந்து அழுவான், ஆனால் அந்த வார்த்தை போனது போனதுதான். இவளும் இனி எந்தக் கோயில் வாசலில் எந்த நம்பிக்கையோடு நிற்பாள். சரி, இஷாக்கிடமாவது உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று பேகம்பூருக்குப் போனேன். முழுக்கக் கேட்டுவிட்டு அந்தப் பையன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். பிறகு லேத் மிஷினில் கட்டியிருந்த கறுப்புக் கயிற்றைக் காட்டினான், அதுவும் ஓதி வாங்கியதாம். அப்பா, நானே இதக் கட்டி வச்சுக்கிட்டுத்தான் வேல பாக்குறேன், அம்மாவ என்னத்தச் சொல்லச் சொல்றீங்க, நீங்க ஒண்ணும் பேச வேணாம், எம்மேலயே இருந்துட்டுப் போகட்டும், ரெண்டு மாசத்துல எல்லாரும் மறந்துருவாக என்றான். எனக்கு ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தான். அவன் என்னைத் திட்டியிருந்தால்கூட நிம்மதியாக வீடு வந்து சேர்ந்திருப்பேன்.

இதோடு முடிந்திருந்தால் நானும் பேசாமல்தான் இருந்திருப்பேன். நேற்று ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய்விட்டு வந்து உட்காருகிறோம், இஷாக் பத்திரிகையோடு வந்து நிற்கிறான். அவன் தங்கை ரிஃபாத்துக்கு நிக்காஹ். ஆனந்த்ராஜ் உன் அறையில்தான் இருந்தான், குரல் கேட்டும் வெளியே வரவில்லை, உள்ளேயிருந்து கதவைச் சாத்துகிற சத்தம் மட்டும் கேட்டது. உன் அம்மாவுக்கு இவர்கள் சண்டை அரைகுறையாகத்தான் தெரியும். ஏதோ கடையில் வேலை குறைந்துவிட்டது என்று யாரோ சொல்லிக் கேட்டிருக்கிறாள். காப்பியைக் கொடுத்துவிட்டு, ஏ அப்பு, செத்த நேரம் இரு, கடைக்குக் கண்ணு பட்டிருக்கு என்று அலமாரியைத் திறந்து, அதே உப்பை ஒரு பொட்டலமாக மடித்து, ஒம் மிஷினுல நாலு கல்லு போட்டு வையி, எல்லாஞ் சரியாப் போயிரும், எம்மகனுக்கே செபஸ்தியாரு காவல் நின்னாரு என்று நீட்டினாள். இஷாக் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கினான். வாங்கிக்கொண்டு என்னை ஒரே ஒரு தடவை பார்த்தான். சரிங்கம்மா என்று சொல்லிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சாத்திய கதவுக்கு முன்னால் கொஞ்சம் நின்றான், பிறகு படியிறங்கிப் போய்விட்டான். தமிழ்நிலா, இத்தனை வயதில் எனக்கு இப்படி ஒரு வெட்கம் வந்ததில்லை.

அதனால்தான் உன்னிடம் வருகிறேன். உன் அம்மாவும் தம்பியும் மறுபேச்சுப் பேசாமல் கேட்பது உன் சொல் ஒன்றைத்தான். பொய் சொன்னால் உதட்டில் சூடு வைப்பேன் என்று உன்னை வளர்த்த நான், இப்போது இரண்டு பொய் சொல்லக் கேட்கிறேன். முதல் பொய் அம்மாவுக்கு. புதுச் சிலிண்டர் நீ அனுப்பத்தான் போகிறாய், இவளும் அதே பாலாடையைக் கழுவி வைத்திருக்கிறாள். மந்திரித்த உப்பைத் துணியில் முடிந்து காரின் முன்பக்கம் தொங்கவிட வேண்டும், உள்ளே போடக் கூடாது என்று அங்குள்ள சாமியார் சொன்னதாகச் சொல். வெளிநாட்டுச் சாமியார் என்றால் கேட்பாள். இரண்டாவது பொய் தம்பிக்கு. அவன் ஊரில் இல்லாதபோது அப்பாதான் அந்த ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் ஊற்றிவிட்டார், சொல்லப் பயந்துகொண்டு உன்னிடம் அழுதார் என்று சொல். நம்புவான். கிணற்று டீசல் என்ஜினோடு காலம் தள்ளியவன் நான், தண்ணீர் இல்லாமல் ஒரு என்ஜின் எப்படிடா ஓடும் என்று அவனோடு நான் வாதாடாத நாளில்லை. நம் தோட்டத்துத் தண்ணீர் உப்புத் தண்ணீர் என்பதும் அவனுக்குத் தெரியும், அதனால் அந்த வெள்ளைப் பூப்புக்கும் காரணம் கிடைத்துவிடும்.

நானே சொல்லலாமே என்று கேட்பாய். நேற்றுச் சாயங்காலம் சொல்லத்தான் அவன் இருந்த உன் அறைக்குள் போனேன். தரையில் அந்த நான்கு சிலிண்டரையும் பரப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேய்த்துக்கொண்டிருந்தான், இனி அவற்றால் ஒரு பிரயோசனமும் இல்லை என்று அவனுக்கே தெரியும். என்னை நிமிர்ந்து பார்த்து, என்னப்பா, சுகர் மாத்திர போட்டீங்களா என்று கேட்டான். போட்டேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். எனக்கு அவ்வளவுதான் முடிந்தது.

நிக்காஹ் இந்த மாதக் கடைசியில். இது உன் கைக்கு வந்து சேர எத்தனை நாளாகும் என்று கவுண்டரில் கேட்டேன், அந்தப் பெண்ணுக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. கிடைத்த அன்றைக்கே தம்பியை அவன் மில்லில் இருக்கிற நேரமாகப் பார்த்துக் கூப்பிட்டுப் பேசு. அவன் என் மேல் கோபப்படட்டும், எத்தனை நாள் வேண்டுமானாலும் பேசாமல் இருக்கட்டும், அவன் பேசாவிட்டாலும் நான் அவனுக்கு அப்பன்தான். அவன் குரூப்பில் போட்டதைத் திரும்ப வாங்கிவிட்டு, அந்தக் கல்யாணப் பந்தலில் இஷாக் பக்கத்தில் நின்று பந்தி பரிமாறினால் எனக்குப் போதும். இதைவிட நல்ல வழி உனக்குத் தோன்றினால் அதையே செய், எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு, இரவு டூட்டி முடிந்து பனியில் நடக்கும்போது காதை மூடிக்கொள், போன மாதம் சொன்ன முதுகு வலிக்கு உன் ஆஸ்பத்திரியிலேயே காட்டு. ஆண்டவர் உன்னை ஒரு குறையும் இல்லாமல் காப்பாராக. படித்து முடித்ததும் இதைக் கிழித்துப் போட்டுவிடு, மறக்காதே.

இப்படிக்கு,
என்ஜினில் தண்ணீர் ஊற்றிய உன் அப்பா,
முத்துச்சாமி.