தறிக்குழி மேல் போட்ட கட்டில்

அண்ணி, உங்கள் கட்டிலை இன்று என் மருமகள் பால்கனியில் போட்டு உப்புத்தாளால் தேய்த்துக்கொண்டிருந்தாள். மேலே இருந்த கறுப்பு போனதும் அடியிலிருந்து சிவப்பாகத் தூள் கொட்ட ஆரம்பித்தது. "அத்தை, மரத்துக்குள்ள குங்குமம் எதுவும் ஒளிச்சு வச்சிருந்தீங்களா?" என்று உள்ளங்கையை நீட்டினாள். மோந்து பார்த்தேன். இத்தனை வருஷம் கழித்து அதில் என்ன வாசனை இருக்கப்போகிறது, வெறும் மரத்தூள்தான். எனக்கு மட்டும் ஸ்பிரிட் வாசனை குப்பென்று ஏறியது. அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்று ஒரு பொய்யைச் சொல்லிவிட்டு உள்ளே வந்து அழுதேன்.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நாத்தனார் என்றால் கொஞ்சம் பயந்து நடந்துகொள் என்று சொல்லித்தான் என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். நீங்கள் எங்கே பயப்பட விட்டீர்கள்? எங்களோடு இருக்க வந்த வாரமே என் தலையில் பேன் பார்க்க உட்கார்ந்துவிட்டீர்கள்.

எழுபதுகளின் கடைசியில் நாம் ஆரணியில் குடியிருந்த வீட்டைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் தம்பிக்கு லைன்மேன் வேலை அங்கே மாற்றலாகியிருந்தது. நமக்கு முன்னால் அந்த வீட்டில் பட்டு நெய்தவர்கள் முள்ளிப்பட்டுக்குப் போய்விட்டார்கள். தறியைக் கழற்றி எடுத்துப் போனவர்கள் குழியை எடுத்துப் போக முடியுமா? நெய்கிறவர் காலைத் தொங்கப் போட்டு உட்காரும் அந்தக் குழி, கூடத்தில் பாதியை அடைத்துக்கொண்டு கிடந்தது. அதை மூடக்கூடாது என்று வீட்டுச் சொந்தக்காரர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "நாளைக்கு ஒருத்தன் தறி போட வந்தா, அப்ப மறுபடியும் தோண்டிகினு இருக்க முடியுமா?" என்றார். அவர் சொல்வதும் நியாயம்தான். நமக்கு மிச்சமிருந்தது ஒரு சின்ன அறையும் அடுப்படியும்.

தெள்ளாரில் உங்களைக் கட்டியவர் இன்னொருத்தியைக் கூட்டிவந்து வைத்துக்கொண்ட பிறகு, நீங்கள் ஒரு தகரப் பெட்டியோடு எங்களிடம் வந்தீர்கள். உங்கள் சீர்க் கட்டில் பின்னாலேயே ஒரு நெல் லாரியில் வந்தது, கால் வேறு சட்டம் வேறாக, வைக்கோல் புரியால் கட்டி. அதைக் கூடத்துச் சுவரில் சாய்த்து வைத்தோம். நீங்கள் அடுப்படியில் பாய் போட்டுப் படுத்தீர்கள். எதிர்வீட்டம்மா வந்து பார்த்துவிட்டு, "அறுந்துபோன வாழ்க்கையோட கட்டில எதுக்கு வீட்ல வச்சிகினு? போகிக்குக் கொளுத்திடுங்க" என்று புத்தி சொன்னாள். வந்த கோபத்தில் அவளுக்குக் காபிகூடக் கொடுக்கவில்லை.

சேத்துப்பட்டில் மளிகைக் கடை வைத்திருந்த உங்கள் அண்ணன் ஒரு நாள் வந்தார். கூடத்தைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், தம்பியைப் பார்த்தார். "இங்க இவளுக்கு எடம் ஏதுடா? பொங்கலுக்கு வந்து நான் கூட்டிகினு போறேன். அந்தக் கட்டில வித்துடு." கேட்பதற்கு அக்கறையாகத்தான் இருந்தது. அங்கே அவர் மனைவிக்கு இடுப்பு வலி, வீடு நிறையப் பிள்ளைகள், கடையில் மிளகாய் காயவைக்க ஆள் கிடையாது. முன்பு ஒருமுறை அங்கே போய்விட்டு, கை வெடித்துத் திரும்பி வந்தவர் நீங்கள். அன்று சாயங்காலம் அடுப்படியில் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னீர்கள்: "அங்க போனா நான் அப்படியே முடிஞ்சு போயிடுவேன் கண்ணு. மாட்டேன்னு சொல்லலாம். சொல்லிட்டு எங்க படுக்கறது?"

உங்களை விட்டால் அந்த ஊரில் எனக்குப் பேச ஆள் இல்லை. உங்கள் தம்பியோ கம்பத்தில் ஏறினால்தான் வாயைத் திறப்பார், தரையில் ஊமை.

மறுநாள் வீடு பெருக்கிக்கொண்டிருந்தவர் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு ஒரு பட்டு நூலை எடுத்தீர்கள். அப்போது கைராட்டையில் பட்டு சுற்றிக் கொடுக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்ததால் உங்கள் இடுப்பில் எப்போதும் நூல் துண்டு இருக்கும். அதைப் பிடித்துக் குழியை நீளத்துக்கும் அகலத்துக்கும் அளந்தீர்கள். பிறகு அதே நூலைக் கட்டில் சட்டத்தில் வைத்துப் பார்த்தீர்கள். கட்டில் பெரிது, குழி சின்னது. "தே பாரு, குழிய யாரு மூடச் சொன்னாங்க? மேல போட்டுட்டா போச்சு" என்றீர்கள்.

உங்கள் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்று இழுத்தேன். "கேட்டுட்டுப் போட்டா எடம் இருக்காது. போட்டுட்டுக் கேளு."

அதற்குப் பிறகு நம்மைப் பிடிக்க முடிந்ததா? பொங்கலுக்கு எல்லோரும் வீட்டுக்கு வெள்ளையடிக்கிற சமயம் என்பதால் நாம் செய்தது யார் கண்ணையும் உறுத்தவில்லை. சுண்ணாம்பில் நீலம் கரைத்துக் கூடத்துக்கு நாமே அடித்தோம். என் தலையில் பாதி சுண்ணாம்பு. அப்புறம் கட்டிலைப் பிடித்தோம். நெற்றிப் பலகையில் உங்கள் பெயரும் உங்களைக் கட்டியவர் பெயரும் மஞ்சள் பெயின்டில் எழுதியிருந்தன. உடைந்த கண்ணாடிச் சில்லால் முதலில் அவர் பெயரைச் சுரண்டினீர்கள், பல்லைக் கடித்துக்கொண்டு. உங்கள் பெயராவது இருக்கட்டும் என்றேன். "பேரு எதுக்கு? நான்தான் படுக்கப்போறேனே" என்று அதையும் சுரண்டிவிட்டீர்கள். நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. அந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து நீங்கள் சிரித்தே நான் பார்க்கவில்லை.

தேய்த்து முடித்தபோது மரம் தேமல் விழுந்த முதுகு மாதிரி இருந்தது. அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சைத் துணியில் சுருட்டி, தச்சர்கள் பூசுகிற மாதிரியே பூசிப் பார்த்தோம். பளபளப்பு வந்தது, தேமல் போகவில்லை. "கொஞ்சம் கலர் விட்டா மறைஞ்சிடும்" என்று பக்கத்துச் சாயப்பட்டறைக்குப் போய், புடவைக்குப் போடுகிற அரக்குச் சிவப்பில் ஒரு பொட்டலம் வாங்கிவந்தீர்கள். ஆரணியில் அல்லாமல் வேறு எங்கே கட்டிலுக்குப் பட்டுச் சாயம் போட்டிருப்பார்கள்? கட்டில் கல்யாணப் புடவை மாதிரி ஆகிவிட்டது. அதைப் பூட்டிக் குழியின் மேல் போட்டோம். கலர் நிற்க மேலே இன்னொரு பூச்சு வெறும் அரக்கு கொடுக்க வேண்டும், நாளைக்குக் கொடுக்கலாம் என்று விட்டுவிட்டோம்.

பொங்கலுக்கு வருவதாகச் சொன்ன உங்கள் அண்ணன், சீர் கொடுக்கிற சாக்கில் போகியன்றே வந்து நின்றார். வெயிலில் பஸ் ஏறி வந்த வேர்வை. சலவை வேட்டி. நாம் வாயெடுப்பதற்குள் கட்டிலில் போய்ச் சாவகாசமாக உட்கார்ந்துவிட்டார். உங்களைப் பார்த்தேன். முகம் செத்துப்போயிருந்தது.

"பெட்டிய ஜல்தியா கட்டு. சாயங்கால பஸ்ஸுக்குப் போயிடலாம்" என்றார். பிறகு தம்பியிடம், "என்னடா பாக்கற? இந்த வீட்ல இவளுக்கு எடம் எங்க கீது, நீயே சொல்லு."

உங்கள் தம்பி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். வழக்கம்போலத் தலையை ஆட்டிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். "நீ உக்காந்துகினு இருக்கறியே, அதாண்ணா" என்றார்.

கட்டில் எதற்கு என்று நாம் அவரிடம் சொல்லவே இல்லை, அண்ணி. அவராகத் தெரிந்துகொண்டு, வாய்விட்டும் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருடைய மற்ற எல்லா ஊமைத்தனத்தையும் நான் கடைசிவரை பொறுத்துக்கொண்டேன்.

அண்ணனுக்கு முகம் சுண்டிவிட்டது. சரி, உங்க இஷ்டம் என்று எழுந்து வாசல் பக்கம் திரும்பினார். வேட்டியின் பின்பக்கம் முழுக்க அரக்குச் சிவப்பு. சட்டங்களின் கோடுகூட அப்படியே பதிந்திருந்தது. நீங்கள் வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டீர்கள். அடைத்தும் நிற்கவில்லை. அடுப்படிக்கு ஓடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர்கள். பிறகு அந்தத் தண்ணீர் நிற்கவில்லை, நானும் உங்களைக் கட்டிக்கொண்டேன். உங்கள் அண்ணன், தம்பியின் வேட்டியைக் கட்டிக்கொண்டு, பெட்டி இல்லாமல் பஸ் ஏறினார்.

அந்தக் குழியில் உங்கள் தகரப் பெட்டி, ஊறுகாய் ஜாடி, பின்னால் என் பிள்ளையின் பம்பரம், எல்லாம் குடியிருந்தன. உங்கள் பக்கத்தில் படுத்துத்தான் அவன் வளர்ந்தான். சொந்தமாகச் சின்ன வீடு கட்டிக்கொண்டு போனபோதும் கட்டில்தான் முதலில் உள்ளே போனது.

இப்போது உங்கள் தம்பியும் இல்லை, நீங்களும் இல்லை. பிள்ளை என்னைச் சென்னைக்கு, அவன் புதிதாக வாங்கிய வீட்டுக்குக் கூப்பிட்டான். மூன்றாவது மாடி, அளவான அறைகள். கட்டிலை யாருக்காவது கொடுத்துவிடலாம், எனக்குப் பாய் போதும் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது எனக்கே உங்கள் குரல் மாதிரி கேட்டது. இந்த வயதில் பெட்டியோடு இன்னொருவர் வீட்டு வாசலில் நிற்பது எப்படி இருக்கும் என்று இப்போதுதான் தெரிகிறது, அண்ணி. மருமகள் என் பேச்சைக் காதிலேயே வாங்காமல் டெம்போ வைத்துக் கட்டிலைக் கொண்டுவந்துவிட்டாள்.

சாயங்காலம் பிள்ளை வேலையிலிருந்து மருமகளுக்குப் போன் செய்தான். கட்டில் பெரிசாச்சே, எங்கே போடுவது, அளந்து பார்த்தாயா என்று அவன் கேட்டது எனக்கே கேட்டது.

"போட்டாச்சுங்க" என்றாள் அவள். "ஜன்னல் ரூம்ல."

அவள் உங்களோடு நாலு நாள்கூடச் சேர்ந்து இருந்ததில்லை. யார் சொல்லிக்கொடுத்தது?

போய்ப் பார்த்தேன். புதுப் பாலிஷில் பழைய சிவப்பு கரைந்து மேலே வந்து, ஈரமாக மின்னியது. "உக்காந்துடாதீங்க அத்தை, இன்னும் காயல" என்று பின்னாலிருந்து சத்தம் கொடுத்தாள். நான் அதற்குள் உட்கார்ந்துவிட்டேன்.