உப்புக் கோட்டையில் கயிறு தளர்ந்த இடம்

என் அருமைச் சேஷு,

உன் 'உப்புக் கோட்டை' டாக்கியாக, பேசும் படமாக, வரப்போகிறது. நீ கண்ணை மூடிய இந்த மூன்று வருஷத்தில் உனக்குச் சொல்ல என்னிடம் நல்ல செய்தி ஒன்றும் இருந்ததில்லை. இதுவும் நல்ல செய்திதானா என்று எனக்குச் சந்தேகம். டாக்கிக்காரர்கள் கை வைத்த கதையைப் பெற்றவனே அடையாளம் காண முடியாது. உன் கதையில் ஒரு ஹாஸ்ய தம்பதியை நுழைத்துவிட்டார்கள். அவள் அவனை விளக்குமாற்றால் துரத்துவாளாம். நடுக்கடலில், உப்பால் கட்டிய கோட்டையில், விளக்குமாறு எங்கிருந்து வந்தது? உன் இளவரசன் ஜெயவர்மனாக வருவது ஓர் அம்மாள். நன்றாகப் பாடுகிறாள் என்பதற்காக மீசை ஒட்டியிருக்கிறார்கள்.

இதையெல்லாம் மன்னித்துவிடுவேன். நான் சந்தேகப்படுவது ஒரே ஓர் இடத்தை. கயிற்றை.

இந்தக் கடிதம் அச்சாகும் இதே பத்திரிகையில் மாதாமாதம் உன் கதையைப் படித்தவர்களுக்கு அந்த இடம் மறந்திருக்காது. படிக்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அரசியின் குரலை ஒரு சங்கில் அடைத்து, உப்புக் கோட்டையின் கிணற்றடியில் வைத்திருக்கிறது ஒரு பூதம். அதை எடுக்க ஜெயவர்மன் கயிற்றைப் பிடித்து இறங்குகிறான். மறுமுனை அவன் உயிர்த் தோழன் விசாகன் கையில். மழை பிடித்துக்கொள்கிறது, கோட்டை கரைகிறது. அப்போது நீ எழுதினாய்: "மழை வலுத்தது. கயிறு தளர்ந்தது." அவ்வளவுதான். ஏழு வருஷம் கழித்துத் தப்பி வரும் இளவரசன் கடைத்தெருவில் விசாகனைப் பார்க்கிறான். "அன்று மழை அதிகம், இல்லையா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விடுகிறான்.

கயிறு அறுந்ததா, விசாகன் விட்டானா என்று கேட்டு எத்தனை பேர் கடிதம் போட்டார்கள்! நீ ஒருவருக்கும் பதில் எழுதவில்லை. ஆனால் டாக்கியில் அப்படி நழுவ முடியாது, சேஷு. திரையில் கயிறும் தெரியும், கையும் தெரியும். ஒன்று அறுந்தாக வேண்டும், அல்லது மற்றது திறந்தாக வேண்டும். விசாகன் யார் என்பது உனக்கும் எனக்கும் தெரியும். அதனால்தான் எனக்குத் தூக்கம் போயிற்று.

முதலில் நோட்டீஸ் வந்தது. போன மாதம் லஸ் முனையில் பாண்டு வாத்தியத்தோடு ஜட்கா வண்டியில் வந்து வீசிக்கொண்டு போனார்கள். மஞ்சள் காகிதத்தில் ஒரு கை, ஒரு கயிறு, பின்னால் மின்னல். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கட்டைவிரல் கயிற்றின்மேல் இல்லை. அது படம் எழுதியவனுடைய கைப்பிழையா, கதையே அப்படியா?

பிறகு, விசாகனாக வேஷம் போடுபவர் யார் என்று தெரிந்தது. இருபது வருஷமாக நாடக மேடையில் பாலில் விஷம் கலந்தவர். அவர் புருவத்தைத் தூக்கினாலே பெண்கள் மடியிலிருக்கும் குழந்தையை இறுக்கி அணைத்துக்கொள்வார்கள். நல்லவன் வேஷத்துக்கு அவரையா தேடிப் பிடிப்பார்கள்?

பாட்டுப் புத்தகம் நீ புரூஃப் பார்த்துக்கொண்டிருந்த அதே ராயப்பேட்டை அச்சுக்கூடத்தில்தான் அச்சாகிறது என்று கேள்விப்பட்டுப் போனேன். உன்னோடு எழுத்துக் கோத்த காதர் பாய் இன்னும் அங்கேதான் இருக்கிறார்.

"இன்னா வாத்தியாரே, டாக்கிப் பயித்தியம் புடிச்சிக்கிச்சா? பொறுங்க, மை காயல."

"கடைசிப் பக்கத்தை மட்டும் காட்டுங்கோ, பாய்."

"கடசீல இன்னா கீது? எல்லாப் பொஸ்தவத்துலயும் போடறதுதான், 'மீதியைத் திரையில் காண்க'ன்னு. கதை பூரா சொல்லிட்டா எவன் கொட்டாய்க்கு வருவான்? உங்க மாப்ளே இருந்திருந்தா நீங்க நிக்கிற நெலயப் பாத்து வுழுந்து வுழுந்து சிரிச்சிருப்பாரு."

கதைச் சுருக்கம் கயிற்றோடு நின்றிருந்தது. ஆனால் பன்னிரண்டாவது பாட்டு என் கண்ணில் பட்டுவிட்டது. விசாகன் பாடுவது, ராகம் முகாரி: "மழையே, நீ சாட்சி சொல்ல வாராதே."

"கயிறு அறுந்து போனவன் சாட்சிக்கு எதுக்கு பாய் பயப்படணும்?"

"எனக்கு எழுத்துக் கோக்கத்தான் தெரியும். ஆனா ஒண்ணு, வாத்தியாரே. அந்தக் கயிறு இன்னா ஆச்சுன்னு நானே அவரைக் கேட்டுகீறேன். 'அதைச் சொல்ல வேண்டியவன் நான் இல்லே பாய்'னுட்டாரு."

டிராம் பக்கத்திலேயே வந்து நின்றது. நான் ஏறவில்லை. மயிலாப்பூர் வரை நடந்தே வந்தேன்.

சொல்ல வேண்டியவன் சொல்கிறேன். பதினான்கு வருஷத்துக்கு முன்னால் நாம் இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் வாத்தியார்கள். கண் மங்கிய தமிழ்ப் பண்டிதரை ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதைக் கண்டித்து ஒரு மனு எழுதினோம். அதில் ஒவ்வொரு வார்த்தையும் என்னுடையது. எனக்கு அப்போது என் இங்கிலீஷின்மேல் அவ்வளவு கர்வம். உன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று உன்னைப் பிரதி எடுக்கச் சொன்னேன். பள்ளிக்கூடத்தை நிர்வகிக்கும் கரஸ்பாண்டெண்ட் காகிதத்தைத் தூக்கிப் பிடித்து, "இதை எழுதியது யார்?" என்று கேட்டார். ஐப்பசி மழை. நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "என் கையெழுத்துதான்" என்றாய் நீ. அன்றோடு உனக்கு வேலை போயிற்று. என் தங்கை கமலத்தை நீ கைப்பிடித்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

என் வேலை நிலைத்தது. ஆனால் என்னிடம் இரண்டு வருஷம் பாடம் கேட்டுப் போனவனைத்தான் ஹெட்மாஸ்டர் ஆக்கினார்கள். அந்தக் கரஸ்பாண்டெண்டை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. என்மேல் ஏன் அவருக்கு நம்பிக்கை வரவில்லை என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். அந்த வார்த்தைகள் யாருடையவை என்று அவருக்குத் தெரிந்தே இருந்ததோ?

நீ அதைப் பற்றி ஒரு தடவையாவது பேசினாயா? தீபாவளிக்கு வந்தாய், சிரித்தாய், வெற்றிலை போட்டாய். பிறகு உன் கதை வந்தது. அந்த ஒரு வரியில் ஏன் நிறுத்தினாய், சேஷு? என்னைக் காப்பாற்றவா, கிணற்றின் மேலேயே நிற்கவைக்கவா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

டைரக்டரிடம் கமலம்தான் எல்லாவற்றையும் சொல்லியிருப்பாள் என்று நேராக அவளிடம் போனேன். அவள் குளத்தங்கரைத் தெருவில் அதே பின்கட்டில்தான் இருக்கிறாள். புடலங்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"டாக்கிக்காரா இங்கே வந்தாளா?"

"வந்தா. கயிறு என்ன ஆச்சுன்னு கேட்டா. எனக்கென்ன தெரியும், என் அண்ணாவைக் கேளுங்கோன்னுட்டேன். நாளைக்கு உன்னை அடையாத்துக்கு வரச்சொல்லியிருக்கா."

"என்னை எதுக்குடி கேக்கணும்?"

அவள் அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அன்னிக்கு மழை அதிகம், இல்லையாண்ணா?" என்றாள்.

மறுநாள் போனேன். ஆற்றோரம் ஒரு தோட்டத்தில் படம் பிடிக்கக் கொட்டகை போட்டிருக்கிறார்கள். மூங்கில் தட்டியில் சாந்து பூசி, அதன்மேல் கல்லுப்பைத் தூவியிருந்தார்கள். அதுதான் உன் கோட்டை. இரண்டு பேர் ஏணியில் பூவாளியோடு நின்றார்கள், அதுதான் மழை. உன் இளவரசன் மீசையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

டைரக்டர் சின்ன வயசுக்காரர். "புஸ்தகத்துல தளர்ந்ததுன்னு மட்டும் இருக்கு, சார். காமிராவுக்கு அது போதாது. அறுந்ததாவே வச்சுடலாமா? ஜனங்களுக்கும் விசாகன்மேல இரக்கம் வரும். பாட்டை மாத்திக்கலாம்."

இத்தனை நாள் எதற்குப் பயந்தேனோ அதிலிருந்து தப்பும் வழியை அவரே தட்டில் வைத்து நீட்டினார். 'ஆமாம்' என்றால் போதும். ஊர் முழுக்க, கொட்டகை கொட்டகையாக, கயிறு அறுந்துபோகும்.

விஷம் கலக்குபவர் பக்கத்தில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "சார், நான் மேடையில கொல்லாத ஆளில்லே. ஆனா இவன் யாரையும் கொல்லலை போலத் தோணுது. முகத்தை எப்படி வச்சுக்கறதுன்னு தெரியலை."

"அறுக்க வேண்டாம்" என்றேன். "கை திறக்கட்டும். அவனை யாரும் மிரட்டலை. பயந்துட்டான், அவ்வளவுதான். முகத்துல ஒண்ணும் காட்ட வேண்டாம். ஜன்னலைப் பாத்துண்டு நிக்கட்டும்."

டைரக்டர் கோட்டையைத் திரும்பிப் பார்த்தார். "உப்புக் கோட்டையில ஜன்னல் இல்லையே, சார்?"

நடிகர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "ஒண்ணு வச்சுடுங்க" என்றார் டைரக்டரிடம்.

என் எதிரிலேயே தட்டியில் ஒரு ஜன்னல் வெட்டினார்கள். ஆனாலும் அவர்களை நான் நம்பவில்லை. விளக்குமாறு நுழைந்த கதையில் எதுதான் நுழையாது? நான் கிளம்பிய பிறகு யாராவது ஒரு முதலாளி வந்து, ஜனங்களுக்கு இரக்கம்தான் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம். அதனால்தான் இந்தக் கடிதத்தை இந்தப் பத்திரிகைக்கே அனுப்புகிறேன். எங்கள் கரஸ்பாண்டெண்டும் இதை வாங்குகிறார். படிக்கட்டும்.

முதல் நாள் முதல் ஆட்டத்துக்குக் கமலத்தை அழைத்துக்கொண்டு போகிறேன். திரையில் விசாகன் கை திறந்தால் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். கயிறு அறுந்தால், அத்தனை பேர் நடுவிலும் எழுந்து நின்று, அது பொய் என்று சொல்வேன். இந்தத் தடவை ஜன்னல் பக்கம் திரும்ப மாட்டேன், சேஷு.

உன் வார்த்தைக்காரனும், கமலத்தின் அண்ணனுமான
உன் மைத்துனன்,
வைத்தி