கேட்டால் மட்டும் சொல்லவும்

ஜூலை 1, செவ்வாய்

இன்று ஆறு பேர். ஆறு பேருக்கும் நான் ஒரே செல்வதுரைதான்: ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர், சர்க்கரை நோய், பீடியை விடமாட்டான். நான் வாழ்நாளில் பீடியைத் தொட்டதில்லை. யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஆஸ்பத்திரியில் பயிற்சி மருத்துவர்களுக்கு டாக்டர் ஜெமிமா நடத்தும் வகுப்பு இது. மிரட்டாமல், கட்டளை போடாமல், மாறுவதற்கான காரணத்தை நோயாளியின் வாயிலிருந்தே வரவைக்கும் பேச்சு. நான் நடிப்பு நோயாளி. மதிப்பெண்ணும் நான்தான் போட வேண்டும். துறைமுகத்தில் முப்பத்துநான்கு வருடம் மூட்டை எண்ணியவன். மருத்துவர் இடைமறிப்பதை விரலில் எண்ணிக்கொண்டு, அவர் போனதும் தாளில் கோடு போடுகிறேன். நான்கு கோடு, ஐந்தாவது குறுக்கே.

எனக்குத் தந்த தாளில், செல்வதுரையின் மனைவி இறந்த பிறகுதான் பீடி கூடியது என்ற வரிக்கு எதிரே 'கேட்டால் மட்டும் சொல்லவும்' என்று இருக்கிறது. ஐந்து பேர் கேட்கவில்லை. ரெக்சன் என்ற பையன் மட்டும், "பீடி எப்பய்யா கூடுச்சு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருந்தான். நான் சொன்னதும் அவன் கண் கலங்கியது. ஒரு கோடுகூட இல்லை. இருபதுக்கு இருபது. அதிகமோ? இல்லை, எண்ணித்தான் போட்டேன்.

என் மனைவி பிளாரன்ஸ் சிரிக்கிறாள். "நெசமான நோயாளியாப் போனா நாலு மணி நேரம் கால்கடுக்க நிக்கணும். வேஷம் போட்டுப் போனா டீயும் வடையும் தாராங்க. இது எந்த ஊரு நியாயம்?"

ஜூலை 8, செவ்வாய்

எழுத்து கோணலாக வருகிறது.

பிளாரன்ஸின் இரத்தப் பரிசோதனை முடிவை வாங்கச் சர்க்கரைப் பிரிவுக்குப் போயிருந்தேன். "சண்முகத்தாய்!" என்று கூப்பிட்டார்கள். எனக்கு முன்னால் நின்ற அம்மா போனார். உப்பளத்தில் வேலை. இடது காலில் துணி சுற்றியிருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் ரெக்சன்.

"மாத்திர போடுதியா?"

"இல்ல சார், அது வந்து..."

"என்னத்த வந்து? கால வெட்டி வாளியில போட்டாத்தான் புத்தி வருமா? பேச்சக் கேக்காட்டி இங்கன எதுக்கு வார? அடுத்த ஆள வரச் சொல்லுங்க."

என் இருபதுக்கு இருபது! இல்லாத செல்வதுரையின் இல்லாத மனைவிக்குக் கண் கலங்கியவன், கண்ணெதிரே இருக்கிற காலைக் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மரியாதையெல்லாம் வேஷக்காரனுக்கு மட்டும்தானா?

அந்தம்மா சீட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. அறுபது பேர் இருந்தார்கள். அது ஒரு காரணமா?

பிறகு பின்னாலேயே ஓடினேன். பஸ் நிறுத்தத்தில் பிடித்தேன். மாத்திரையை விடக்கூடாது, உப்புத் தண்ணீரில் நிற்கக்கூடாது, நாளைக்கே திரும்பி வரவேண்டும், இன்னும் என்னென்னவோ — மூச்சுவிடாமல் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீங்களும் டாக்டரா அண்ணாச்சி?"

பஸ் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். நான் போட்ட கட்டளைகள் ஏழு. கேட்ட கேள்வி ஒன்றுமில்லை.

ஜூலை 9, புதன்

ஜெமிமாவிடம் சொன்னேன். "நெசந்தான் சார். பாவம், அதுக்கு முந்தின நாள் காலையில இருந்து அவனுக்கு டியூட்டி. ஓ.பி.யில ஒரு ஆளுக்கு ரெண்டு நிமிஷம். அங்க இதெல்லாம் முடியுமா?"

முடியாதென்றால் இந்த வகுப்பு எதற்கு? — கேட்கவில்லை. மதிப்பெண்ணைத் திருத்தவேண்டும் என்று மட்டும் சொன்னேன். தாள் அலுவலகத்துக்குப் போய்விட்டதாம். "சரிங்க மேடம்" என்றேன்.

சரிங்க மேடம்! தூ.

அவன் தூங்கவில்லை என்று தெரிந்ததும் என் கோபம் குறைந்திருக்க வேண்டும். குறையவில்லை.

ஜூலை 15, செவ்வாய்

சர்க்கரைப் பிரிவில் காத்திருந்தேன். சண்முகத்தாய் வரவில்லை. சும்மா இருக்க முடியாமல் கைக்கடிகாரத்தை வைத்து இருபது பேரைக் கணக்கெடுத்தேன். ஒருவரைத் திட்ட ஆகும் நேரம், சராசரியாக ஒரு நிமிடம் ஐம்பது விநாடி. திட்ட மட்டும் நேரம் இருக்கிறது.

ஜூலை 22, செவ்வாய்

வந்துவிட்டார். காய்ச்சலோடு, அவசரப் பிரிவுக்கு. இடது கால் சுண்டுவிரல் கறுத்துவிட்டது, நாளை எடுக்கிறார்கள்.

கட்டிலருகே போய் நின்றேன். "மாத்திரை போடுறதுல என்னம்மா கஷ்டம்?" என்று கேட்டுவிட்டு, மேற்கொண்டு பேசாமலிருக்க நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"நாலு மணிக்கு உப்பளத்துக்குப் போயிருவோம். சாப்பாடு ஒம்பது மணிக்குத்தான். சாப்பாட்டுக்கு முன்னன்னு விடியக்கருக்கல்ல போட்டுட்டுப் போனா கிறுகிறுன்னு வருது. ரெண்டு மட்டம் பாத்தியிலயே விழுந்துட்டேன். கங்காணி, குடிச்சிட்டு வந்தியான்னு கேக்கான். அதான் விட்டுட்டேன்."

"இத டாக்டர்ட்டச் சொல்லலியா?"

"கேட்டாச் சொல்லிருப்பேன்லா அண்ணாச்சி."

நாற்பது விநாடி. கடிகாரத்தைப் பார்த்தேன், அதற்காக வெட்கப்படுகிறேன்.

நாற்பது விநாடி! அதற்கு ஒரு விரலா?

ஜூலை 29, செவ்வாய்

இரண்டாம் சுற்று. ரெக்சன் எதிரே வந்து உட்கார்ந்தான். "ஐயா, நீங்க சரின்னு சொன்னா ஒண்ணு கேக்கலாமா?" அத்தனை பதமான குரல். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

"கேக்க வேண்டாம்," என்றேன். "நான் செல்வதுரை இல்ல. எட்டாந்தேதி ஒரு அம்மாட்ட, கால வெட்டி வாளியில போடணும்னீங்க. அவங்க பேரு சண்முகத்தாய். விரல் போயிட்டு." நாலு மணி, ஒன்பது மணி, பாத்தி, கங்காணி, எல்லாவற்றையும் சொன்னேன். கேட்காமலே சொன்னேன்.

நேரம் முடிந்து மணி அடித்ததும் எழுந்தேன். அறையின் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஜெமிமா நின்றிருந்தார். மதிப்பெண் தாளில் கையெழுத்துப் போடாமல் வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா கோவில் திருவிழா. ஜெமிமாவிடமிருந்து அழைப்பு இல்லை. இனி வராது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அழைத்தார். அடுத்த குழுவுக்குப் புதிய நோயாளி ஒருவரை நானே எழுதித் தர வேண்டுமாம்.

சண்முகத்தாய் கட்டு மாற்ற வந்திருந்தார். "அந்தச் சின்ன டாக்டரு கட்டில்கிட்ட வந்து உக்காந்தாரு. எத்தன மணிக்குச் சாப்பிடுவீங்கன்னு கேட்டாரு. எம் மூஞ்சியப் பாக்கல."

"என்ன சொன்னீங்க?"

"கேட்டாருல்ல, சொன்னேன்." சீட்டை நீட்டினார். காலை மாத்திரை ஒன்பது மணிக்கு மாறியிருந்தது. ரெக்சனின் கையெழுத்து. இத்தனை எளிது! மறுபடியும் கோபம்தான் வந்தது.

அவர் கதையை எழுதலாமா என்று கேட்டேன். யோசித்தார். "எம் பேரு வேண்டாம். நாலு மணிய மட்டும் மறக்காமப் போடுங்க."

இந்த வேஷத்துக்குப் பெண் வேண்டும். "டீ தருவாங்கல்லா?" என்கிறாள் பிளாரன்ஸ்.

எழுதி முடித்தேன். பெண், ஐம்பத்திரண்டு, உப்பளத் தொழிலாளி, மாத்திரை போடுவதில்லை. நாலு மணி வேலைக்கும் கிறுகிறுப்புக்கும் எதிரே 'கேட்டால் மட்டும் சொல்லவும்' என்று எழுதினேன். அடித்தேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மறுபடியும் எழுதினேன்.