கொடியில் காய்ந்த சின்னப் பாவாடை

நர்சம்மா,

இன்று காலை என் கடைவாசலில் ஸ்பிரிட் விளக்கின் வாடை. அம்மை குத்த வந்த புது ஊழியர் பெஞ்சில் உட்கார்ந்து ஊசியைச் சுட்டுக்கொண்டிருந்தார். மிளகாய் நெடியிலேயே ஊறிப்போன என் மூக்குக்கு வேறு வாடை எதுவும் உறைக்காது. இது உறைத்தது, நீங்கள் ஊசி சுடும்போது வந்த அதே வாடை. நீங்கள் காலமான செய்தி வந்து இன்னும் ஒரு மாதம் ஆகவில்லை.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷம் இருக்கும். கறம்பக்குடியில் எங்கள் தெருவில் நாலு வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கியது. மாரியாத்தா வந்திருக்கிற தெருவில் ஊசி எடுத்து ரத்தம் காட்டினால் அவள் கோபம் கூடும் என்று ஊரே நம்பியது. என் வீட்டுக்காரி எல்லாரையும்விட நம்பினாள். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறினீர்கள். பத்து நாளில் ஒருவர்கூடக் கை நீட்டவில்லை.

பதினோராம் நாள் என் கடையில் வந்து உட்கார்ந்து, மாற்றல் கேட்டு எழுதப்போவதாகச் சொன்னீர்கள். என் வாய் சும்மா இருக்குமா? பொன்னமராவதியிலிருந்து தலைச்சுமையாக மிளகாய் கொண்டுவந்து கடை போட்ட கதையை எடுத்துவிட்டேன். முதல் மாதம் ஒருத்தரும் ஏறவில்லை, ஆனாலும் தினமும் கடை திறந்தேன், நம்பிக்கையை விடக்கூடாது என்றெல்லாம் அளந்தேன். பொறுமையாகக் கேட்டீர்கள். பிறகு, என் மகளுக்கே முதலில் குத்திவிடலாமா என்றீர்கள். அவள் என் மாமியார் ஊரில் இருக்கிறாள் என்றேன், கூசாமல்.

"ஊருக்குப் போன பிள்ளையோட பாவாடை தெனமும் ஒங்க வீட்டுக் கொடியில காயுதே, அண்ணே."

வியாபாரத்தில் என்னை யாரும் அப்படி மடக்கியதில்லை. அஞ்சு வயது மகளைப் பின்கட்டில் ஒளித்துவைத்துவிட்டு உங்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிள்ளைக்குக் குத்தச் சம்மதித்துவிட்டேன் என்றதும் வீட்டுக்காரி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள், ஆத்தாளிடம் உத்தரவு கேட்டுத்தான் குத்த வேண்டும் என்று சொல்லி அவளே உங்களை வரச்சொன்னாள். கழுத்தில் சிலுவை போட்ட வேதக்காரரான நீங்கள், அவள் மாரியாத்தாளுக்குப் படைத்துக் கும்பிட்டு முடிக்கும்வரை செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் நின்றீர்கள். மஞ்சள் தண்ணீரில் கை கழுவச் சொன்னாள், கழுவினீர்கள். பிள்ளையின் கையை அவளே பிடித்துக்கொண்டாள்.

ஏழாம் நாள் காய்ச்சல். குத்திய இடம் சீழ் கோத்து வீங்கியது. அப்படித்தான் வரும் என்று முன்னமே சொல்லியிருந்தீர்கள். தெருவே எங்கள் வாசலைப் பார்த்தது. "எம் பிள்ளைக்கு ஒண்ணு ஆச்சு, நீ இந்தத் தெருவத் தாண்ட மாட்ட" என்று வீட்டுக்காரி உங்களை வைதாள். நீங்கள் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தீர்கள், கஞ்சி கொடுக்கச் சொன்னீர்கள். "நாளைக்கும் வாரேன்" என்றீர்கள். வந்தீர்கள். மறுநாளும் அதே வார்த்தைதான்.

காய்ச்சல் தொடங்கிய நான்காம் நாள் அது விட்டது. மகள் தெருவில் இறங்கிப் பாண்டி ஆடினாள். எதிர்வீட்டுக்காரி அதைப் பார்த்துவிட்டுத் தன் பிள்ளைகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு வந்தாள். கையில் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர். அதுதான் மருந்தில் பாதி என்று நினைத்துவிட்டாள். அதன் பிறகு எந்த வாசலில் ஏறினாலும் செம்பு தயாராக இருந்தது. எல்லாவற்றிலும் சிரிக்காமல் கை கழுவினீர்கள். மாற்றல் பேச்சை நீங்களும் எடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை.

உங்களுக்கு நம்பிக்கை ஊட்டியது நான்தான் என்று வெகுநாள் சொல்லித் திரிந்தேன். பொய். காய்ச்சல் அடித்த அந்த மூன்று நாளில் ஒருதரம்கூட 'ஒன்றும் ஆகாது' என்று நீங்கள் சொல்லவில்லை என்பது பிந்தித்தான் எனக்குப் புரிந்தது. இப்போது தெருவில் யாராவது நோயில் படுத்தால் பக்கத்தில் போய் உட்காருகிறேன். உபதேசத்தை விட்டுவிட்டேன். மறுநாள் வருவதாகச் சொல்கிறேன், போகிறேன்.

நீங்கள் படுத்திருந்த சேதிதான் எனக்குக் காலத்தில் வந்து சேரவில்லை.